சல்லடையும் வாக்காளர் இடாப்பும்

கலவானப் பகுதித் தேயிலைத் தொழிற்சாலையொன்றினுட் புகுவோர், சல்லடைகள் தூளைப் பருமனுக்கேற்ப வகைப்படுத்துவதைக் காண்பர். கண்ணறையின் அளவை வகுப்பவரே எது மேலே நிற்கும், எது கீழே விழும் என்பதையும் வகுத்துவிடுகின்றார். தேர்தற் பிரசாரத்திற்கென உருவாக்கப்பட்ட கணினி மென்பொருள்களில் உள்ள வடிகட்டிகளின் தொழிலும் இதுவேயாகும். வாக்காளரின் பெயர், வயது, கிராமம், கட்சிச் சார்பு, தொலைபேசி எண் ஆகியன தனித்தனி நிரல்களாகப் பதியப்படுகின்றன. பிரசாரகர் சில நிபந்தனைகளை இட்டதும், அவற்றிற்கு அமைந்தோர் மட்டும் பட்டியலாக வருகின்றனர். ஏனையோரின் கதவு தட்டப்படுவதில்லை.

கருவி புதிது, ஆயின் வாக்காளரை வடிகட்டும் வழக்கம் புதிதன்று. சபரகமுவத் தோட்டங்களின் வரலாறே இதற்குச் சான்றாகும்.

1931இல் இலங்கைக்குச் சர்வஜன வாக்குரிமை கிடைத்தபோதே, இந்திய வம்சாவளியினர்க்கு நிரந்தரக் குடியிருப்பு, எழுத்தறிவும் சொத்தும் சார்ந்த தகைமை, நிரந்தரவாசச் சான்றிதழ் என மூன்று வாயில்கள் வகுக்கப்பட்டன. இவற்றுள் ஒன்றினூடாக வந்தோரே இடாப்பில் இடம்பெற்றனர். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் எழுவர் பாராளுமன்றம் புகுந்தனர். எழுவருள் ஒருவரேனும் சபரகமுவ மாகாணத் தொகுதியினரல்லர். இம்மாகாணத் தோட்ட மக்கள் பெரும்பான்மைக் கிராமங்களிடையே சிதறி வாழ்ந்தமை இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது.

பின்னர் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தற் திருத்தச் சட்டம், பிரசைகளே வாக்காளராகலாம் என விதித்தது. கேகாலை மாவட்டத்து றுவான்வெல்லத் தொகுதி இடாப்பில் தம் பெயர் சேர்க்கப்பட வேண்டுமெனக் கோடக்கன் பிள்ளை என்பார் வழக்காடினார். 1951இல் உயர் நீதிமன்றமும் 1953இல் இலண்டன் பிரிவி கவுன்சிலும் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தன. தன் பிரசைகள் யாவர் என வரையறுப்பது சட்டமன்றத்தின் இயல்பான கடமை என்பது கவுன்சிலின் நிலைப்பாடாகும்.

இவ்வழக்கு உணர்த்தும் உண்மை யாது? அச்சட்டம் எந்தவொரு சமூகத்தின் பெயரையும் கூறவில்லை. தந்தையோ, பாட்டனும் பூட்டனுமோ இலங்கையிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது, அவ்வளவே. ஆயின் பிறப்புப் பதிவுகள் கைவசமில்லாத தோட்ட மக்களே பெருமளவில் கழிக்கப்பட்டனர். ஒரு மக்கட் கூட்டத்தை விலக்க அதன் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. அதனிடம் இல்லாத ஒரு பொருளை நிபந்தனையாக்கினாற் போதும்.

இன்றைய வடிகட்டியிலும் இவ்வாபத்து மறைந்துள்ளது. லயன் அறைகள் பலவற்றிற்குத் தனி விலாசம் இல்லை; கடிதங்கள் தோட்டக் காரியாலயத்திற்கே வருகின்றன. ‘தனி விலாசம் உள்ளோர்’ என்றொரு நிபந்தனை இடப்படுமாயின், தோட்டமொன்று முழுவதுமே பட்டியலினின்று நீங்கிவிடும். தொலைபேசி எண் இல்லாத நிரலும் அவ்வாறே. வெற்றிடம் என்பது ‘விவரம் இல்லை’ என்பதேயன்றி ‘விருப்பம் இல்லை’ என்பதன்று. இயந்திரம் இவ்வேறுபாட்டைத் தானாக அறியாது. இரத்தினபுரி மாவட்டம் முழுவதும் ஒரே தேர்தல் மாவட்டமாகிவிட்ட விகிதாசார முறையில், சிறு தொகையினரை விட்டுவிடுதல் வேட்பாளர்க்கு எளிதுமாகும்.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றோர்க்கும் பிரசாவுரிமைக்கு வழி திறந்தது. இடாப்பில் ஏறுவதற்கே அரை நூற்றாண்டிற்கு மேற் காத்திருந்த சமூகம் இது. இடாப்பில் பெயர் இருந்தும் எவரும் தேடி வராத நிலை, அம்மக்களுக்கு மற்றொரு விலக்கேயாகும்.

நாளை இத்தகைய பட்டியல்களைக் கையாளப் போவோர் நம்மிலும் பலர் இருப்பர். வடிகட்டி தந்த பெயர்களை எண்ணுமுன், அது கழித்த பெயர்களை ஒருமுறை நோக்குவது அவர்தம் முதற் கடமையாகட்டும்.