உரிமைக்குத் தாய்ப்பத்திரம் எதற்கு?

'நீ யாருப்பா?' என்று கேட்டால் ஒரே வார்த்தையில் பதில் சொல்வது சில ஊர்க்காரர்களுக்குக் கஷ்டம். திருத்தணிக்காரர்களைக் கேளுங்கள், தெரியும்! ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் முன்நின்ற எல்லைப் போராட்டத்தின் பலனாக, 1960 ஏப்ரல் 1-ம் தேதிதான் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்திலிருந்து அந்த ஊர் நம் பக்கம் வந்தது. எல்லைக்கோடு மாறியது. மலைப்படிகளில் தமிழும் தெலுங்கும் சேர்ந்தே ஏறுவது மட்டும் மாறவில்லை.

ஈரானில் இதே கேள்வி ஆளையே உள்ளே தள்ளிவிடும். 'நீ சைரஸ் மன்னரின் வாரிசா, இஸ்லாத்தின் பிள்ளையா?'

ஷிரின் எபாடி 1975-ல் டெஹ்ரான் நகர நீதிமன்றத்தின் தலைவர். 1979-ல் புரட்சி வந்தது. 'பெண் நீதிபதியா? கூடாது!' என்றார்கள். தான் தலைமை வகித்த அதே கோர்ட்டில் அவரைக் குமாஸ்தா ஆக்கினார்கள்! பிறகு 1992-ல்தான் வக்கீல் தொழில் செய்யவே அனுமதி கிடைத்தது. குழந்தைகளுக்காகவும் அரசியல் கைதிகளுக்காகவும் வாதாடினார். சிறைக்கும் போனார்.

2003-ல் அமைதிக்கான நோபல் பரிசு. ஆஸ்லோ மேடையில் அவர் இரண்டையும் சொன்னார்: நான் சைரஸின் வம்சம், நான் முஸ்லிமும்கூட. மக்கள் விரும்பாவிட்டால் ஆள மாட்டேன் என்று சைரஸ் அறிவித்ததாகவும் குறிப்பிட்டார்.

இங்கேதான் ஒரு சிக்கல். கி.மு. 539-ல் பாபிலோனைப் பிடித்த சைரஸ் எழுதச் செய்த களிமண் உருளை 1879-ல் கிடைத்தது. இன்று அது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அதில் அப்படி ஒரு வரியே இல்லை! மர்துக் தெய்வம் தன்னைத் தேர்ந்தெடுத்ததையும், தெய்வச் சிலைகளை அவற்றின் கோயில்களுக்கும் மக்களை அவர்கள் ஊர்களுக்கும் திருப்பி அனுப்பியதையும்தான் சைரஸ் சொல்கிறார். நல்ல காரியம்தான். ஆனால், ஜெயித்த ராஜாவின் விளம்பரமும்கூட.

அதை 'உலகின் முதல் மனித உரிமை சாசனம்' என்று 1971-ல் உலகமெங்கும் தம்பட்டம் அடித்தவர் யார் தெரியுமா? ஈரானின் ஷா. சவாக் என்ற ரகசிய போலீஸை வைத்துச் சொந்த ஜனங்களைச் சித்ரவதை செய்த அதே ஷா! பின்னால் வந்த மதகுருக்கள் ஆட்சியிலோ, 2016-ல் சைரஸ் சமாதியில் கூடியவர்கள் கைதானார்கள்.

ஆக, சைரஸ் பெயரைச் சொன்னவரும் அடித்தார், இஸ்லாம் பெயரைச் சொன்னவர்களும் அடித்தார்கள். அடிபட்டவர் முதுகுக்கு என்ன வித்தியாசம்?

வீடு வாங்கத் தாய்ப்பத்திரம் பார்க்கிறோம், சரி. மனுஷனை மனுஷனாக நடத்த 2,500 வருஷத்துப் பத்திரம் எதற்கு? அந்த வரி பொய்யாகிப் போனாலும், 2009-லிருந்து நாடு திரும்ப முடியாமல் இருக்கும் எபாடியின் வழக்கு தோற்றுவிடாது. அந்த வழக்குக்கு அவர் வாழ்க்கையே சாட்சி!