சாம்புவன் வேடம்

மலைநாட்டுத் தோட்டங்களில் வழிவழியாக ஆடப்பட்டு வந்த கூத்துகளுள் முதன்மை பெற்றவை மூன்று: காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர். முன்னிரண்டும் புராண இதிகாசங்களிலிருந்து கிளைத்தவை. மூன்றாவதோ உழவர் நாவில் வளர்ந்த கதை. ஹல்துமுல்லைக்கு மேலே, ஹப்புத்தளை மலைத்தொடரின் தென்சரிவில் அமைந்த தோட்டமொன்றிற் பிறந்த நாம் இம்மூன்றையும் சிறு பிராயத்திலேயே கண்டிருக்கிறோம். ஆயினும் கம்பளிக்குள் உடலை ஒடுக்கிக்கொண்டு, பனியில் முகத்தை மட்டும் நீட்டியபடி விடியும்வரை பார்த்திருந்தது பொன்னர் சங்கரைத்தான்.

அண்மையில் பத்தாந் தரத்தில் இக்கூத்தைப் பற்றிப் பேச நேர்ந்தபோது ஒரு மாணவன், “அது அவெஞ்சர்ஸ் மாதிரிதான், சேர்” என்றான். வகுப்பு சிரித்தது, நாமும் சிரித்தோம். பின்னர் ஆறுதலாக எண்ணிப் பார்த்தபோது அவன் கூற்றில் உண்மை இருப்பது புலனாயிற்று.

1961ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஸ்டான் லீயும் ஜாக் கேர்பியும் ‘ஃபன்டாஸ்டிக் ஃபோர்’ என்னும் சித்திரக்கதையைத் தொடங்கினர். 1963இல் அவ்விருவரின் கைவண்ணமாகவே ‘அவெஞ்சர்ஸ்’, ‘எக்ஸ்-மென்’ என்னும் இரண்டும் வெளிவந்தன. அதுகாறும் அந்நாட்டுச் சித்திரக்கதை வீரர் பெரும்பாலும் குறையற்றவர்; நினைத்ததை முடிப்பவர். இப்புதியவரோ தம்முள் ஓயாது பூசலிடுபவர். ஹல்க் என்னும் பெருவலியாளன், தோழர் தன்னை உள்ளூர வெறுப்பதை உணர்ந்து, இரண்டாம் இதழிலேயே குழுவைத் துறந்து போய்விடுகிறான். சைக்கிளொப்ஸ் என்பவன் தன் கண்ணிலிருந்து பாயும் கதிரைத் தானே அடக்க இயலாதவன். சிவப்புக் கண்ணாடியைக் கழற்றினால் எதிரே நிற்கும் நண்பனும் தப்பான். ஆற்றலே சுமையாகிவிடும் நிலை இது. நியூயோர்க்கின் பத்திரிகைக் கடைகளில் இது புதுமையெனக் கொள்ளப்பட்டது. மணப்பாறைச் சீமையின் வீரப்பூரில் மாசித் திருவிழாவுக்குக் கூடும் உழவர்களுக்கு இதில் எப்புதுமையும் தோன்றியிராது.

வளநாட்டுக் குன்னுடையாக் கவுண்டருக்கும் தாமரை நாச்சியாருக்கும் நெடுந்தவத்தின் பயனாய்ப் பிறந்தவர் பொன்னர், சங்கர், அவர்தம் தங்கை தங்காள் ஆகிய மூவர். இவர்களோடு சேர்ந்தவர் இருவர்: பறையர் குலத்துச் சாம்புவன்; பொன்னாச்சி என்னும் சிறிய பெண் நாய். இவ்வைவரையுமே நாம் ஒரு குழுவாகக் கொள்கிறோம். பொன்னர் பொறுமையாளன். சங்கரின் சினமோ கரையுடைத்த வெள்ளம். பகைவர் மேற் பாயவேண்டிய அச்சினம் வேண்டாத வேளையிலும் பாய்ந்து, பேசித் தீர்க்கத்தக்க வழக்கைத் தீராப் பகையாக்கி விடுகிறது. தங்காளுக்கு வருவது உரைக்கும் கனவுகள் உண்டு. பலிக்கும் வாக்கும் உண்டு. ஆயின் தங்கை கண்ட கனவை அண்ணன்மார் எப்போது பொருட்படுத்தினர்? இவை யாவற்றுக்கும் மேலாக, சகோதரர் இருவருக்கும் இறைவன் அளந்த ஆயுள் 16 ஆண்டுகளே. கூத்து தொடங்கும்போதே பார்ப்போர் அனைவரும் இதனை அறிவர்.

பகை மூளுவது ஒரு கிளியால். தங்கை ஆசைப்பட்டாள் என்பதற்காக வேட்டுவர் காட்டினுள் அண்ணன்மார் வலை வீசுகின்றனர். சோடியில் ஒன்று அகப்படுகிறது. மற்றது தனித்துப் போகிறது. எமது பாட்டியார் இக்காட்சி வந்தவுடன் எழுந்து லயத்துக்குப் போய்விடுவார். தூக்கம் வருகிறது என்பார். 1964ஆம் ஆண்டு ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி இந்தியா 525,000 பேரையும் இலங்கை 300,000 பேரையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு அரசுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. பாட்டியாரின் தம்பி குடும்பத்தோடு இந்தியாவின் கணக்கில் விழுந்தவர். போன பின்னர் இரண்டு கடிதங்கள் வந்தனவாம். கிளிக்கும் அதற்கும் தொடர்பு உண்டென்று பாட்டியார் ஒருநாளும் சொன்னதில்லை.

கதையைத் தொடர்வோம். வேட்டுவர் தரப்பிலிருந்து கொம்பன் என்னும் பெரும்பன்றி புறப்பட்டு வளநாட்டு வயல்களைச் சிதைக்கிறது. பன்றி வேட்டைக்கு நாய்கள் யாவற்றையும் திரட்டிச் செல்லும் சங்கர், பொன்னாச்சியை மட்டும் அற்பமென்று விட்டுச் செல்கிறான். அவமதிக்கப்பட்ட அச்சிறு பிராணி சாபமிடுகிறது. மாவீரன் நோயிற் சுருண்டு விழுகிறான். இறுதியில் அதனிடமே மன்னிப்பு வேண்டி அழைத்து வர, அதுவே பன்றியைக் கடித்துத் தளர்த்துகிறது. அதன் பின்னரே சங்கரின் ஈட்டி பாய்கிறது. ஆனால் வெற்றியின் ஈரம் உலருமுன் வன்னிமரக் காட்டில் மாயவன் எய்த அம்பு சங்கரின் மார்பில் படுகிறது. காலம் முடிந்ததை உணர்ந்து தன் வாளின்மேல் தானே வீழ்கிறான். பொன்னரும் அவ்வழியே செல்கிறான். தங்காள் அரண்மனைக்குத் தீயிட்டுவிட்டுப் படுகளம் தேடி அலைந்து, மாண்டவரை எழுப்புகிறாள். எழுந்தவரும் நிலைப்பதில்லை.

இக்கதையின் வரலாற்றைச் சற்று நோக்குவோமாயின், கனடிய மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965ஆம் ஆண்டில் காங்கேயம் பகுதியில் பாணரிடமிருந்து இதனை ஒலிப்பதிவு செய்தார். 1982இல் இதுபற்றி ஆய்வு நூலொன்றும், 1992இல் முழுக் கதையும் அச்சேறின. தமிழகத்தில் சக்திக்கனல் ஏட்டு வடிவத்தை 1971இல் பதிப்பித்தார். கலைஞர் கருணாநிதி நாவலாக்கினார். அது 2011இல் திரைப்படமும் ஆயிற்று. இவை அனைத்துக்கும் நெடுங்காலத்துக்கு முன்னரே கதை கடல் கடந்துவிட்டது. அதனைக் கொண்டுவந்தவர் புலவரல்லர். திருச்சி, சேலம், மதுரை மாவட்டங்களிற் பஞ்சத்துக்கும் கடனுக்கும் அஞ்சிக் கங்காணியின் பின்னே புறப்பட்டு, மன்னார்க் கரையிலிருந்து மாத்தளைவரை காட்டு வழியே நடந்தவர்கள். வழியில் எத்தனையோ பேர் வாந்திபேதிக்கு இரையாயினர். 1869இல் கோப்பிச் செடியைப் பற்றிய இலைநோய் தோட்டங்களை அழித்து, தேயிலை வந்தபோதும் கதை அழியவில்லை. மூட்டையில் இடம்பிடிக்காத பொருள் அது ஒன்றுதான்.

இங்கு ஒரு முரண்பாடு உண்டு. பொன்னர் சங்கர் கதை, ஆழ்ந்து நோக்கின், ஏருக்கும் காட்டுக்கும் நிகழ்ந்த போரின் கதை. வளநாட்டார் காடு திருத்திக் கழனி ஆக்குகின்றனர். வேட்டுவர் தம் காட்டை இழக்கின்றனர். நமது அனுதாபத்தைக் கூத்து முதலில் கழனியின் பக்கமே இழுக்கிறது. ஊவாவிலும் காடு திருத்தப்பட்டது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்டப்படாத காட்டையும் தரிசையும் முடிக்குரியனவெனக் கருத வழிசெய்தது. சேனை பயிரிட்டு வந்த சிங்கள விவசாயியின் மேட்டுநிலங்கள் பல இவ்வாறே துரைமார் கைக்குப் போயின. கோடரி பிடித்த கை நம்மவருடையது. நிலம் நம்மவருக்கு வரவில்லை. வளநாட்டுக்காக வெட்டியும் வேட்டுவரின் வெறுப்பைச் சுமந்தும் நின்ற இம்மக்கள், கூத்தில் எவரைத் தம்மவராகக் கண்டிருப்பர்? பொன்னரையா? சங்கரையா?

சாம்புவனை என்பதே எமது கருத்து. தோட்டங்களுக்கு வந்தோரிற் பெரும்பாலோர் பறையர், பள்ளர், சக்கிலியர் எனத் தாயகத்தில் ஒடுக்கப்பட்ட குலத்தவர் என்பது யாவரும் அறிந்ததே. சாம்புவனின் இனத்தாரே சபையில் மிகுதி. அவனோ தூது செல்பவன், முரசறைபவன், படைக்கு முன்னே நடப்பவன். சங்கரின் சினத்தைத் தாங்கி நிற்கும் தோள் அவனுடையது. இத்தனையும் இருந்தும் அவன் தோழனா, ஏவலாளனா என்ற வினாவுக்குக் கதை விடை கூறுவதில்லை. ஆபத்தில் அவன் தோழன். விருந்தில் அவன் வாசலுக்கு வெளியே. பொன்னாச்சியின் மனத்தாங்கலைப் பாடுவதற்கு ஒரு காட்சியே ஒதுக்கிய மக்கள், சாம்புவனின் மனத்தாங்கலுக்கு ஏன் காட்சி வைக்கவில்லை? நாயின் வாயில் வைத்துத்தான் அதனைப் பாட முடிந்ததோ என்று நாம் ஐயுறுகிறோம். இதனை முடிந்த முடிபாகக் கூறவில்லை. ஆய்வாளர் மறுப்பாராயின் கேட்கச் சித்தமாயுள்ளோம்.

எமது தோட்டத்தில் வேடங்களுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. எவரும் எழுதி வைக்காத ஒழுங்கு. பொன்னர், சங்கர் வேடங்கள் மேல் லயத்துக்கு. சாம்புவன் வேடம் தப்படிப்போர் குடியிருந்த கீழ் லயத்துக்கு. எமது பாட்டனார் சங்கராக ஆடியவர்; அவருடைய மரவாள் இன்றும் வீட்டிற் கிடக்கிறது. பகலில் இருவரும் ஒரே மலையில் ஒரே விலைக்கு உழைத்தனர். ஒரே சங்கத்துக்குச் சந்தா கட்டினர். (அச்சங்கமும் நிலைத்த நட்பைக் காணவில்லை. 1939இல் தோன்றிய இலங்கை இந்தியக் காங்கிரசின் முன்னணியில் நின்ற தொண்டமானும் அசீசும் 1956இல் வேறு வேறு சங்கத் தலைவர்களாயினர். அது தனியே எழுதத்தக்கது.) மேடையிற் சங்கர் அமரும் ஆசனம் தேயிலைப் பெட்டிதான், ஆனால் அதன்மேல் சாம்புவனாக ஆடியவர் ஒருநாளும் அமர்ந்ததில்லை. சிறுவர்களாகிய எமக்கோ அவரே பிரியமானவர். அவர் துள்ளி வரும்போதுதான் தூங்கியவர் எழுந்தனர்.

இக்கூத்தைச் சுருக்கிப் பாடசாலைத் தமிழ்த் தினத்துக்கு மேடையேற்ற வேண்டுமென்று ஈராண்டுகளுக்கு முன் முயன்றோம். வகுப்பிலேயே குரல்வளமும் தாளக்கட்டும் உடைய மாணவனைச் சாம்புவனாகத் தெரிந்தோம். தகுதி நோக்கியே தெரிந்தோம் என்று எமக்குள் மிகுந்த திருப்தி. மூன்றாம் நாள் ஒத்திகையின்போது அவனுடைய தந்தை, மலையிலிருந்து நேரே வந்தவர், வாசலில் நின்றார். உள்ளே வரும்படி இருமுறை அழைத்தோம்.

“சேர், பிள்ளைக்கு வேற எந்த வேஷமாச்சும் குடுங்க. பன்னி வேஷம்னாலும் சரி. சாம்புவன் மட்டும் வேணாங்க. எங்கப்பா ஆடுனாரு, நானும் ஆடுனேன். போதுங்க.”

பன்றி வேடமாயினும் சரி என்றாரே, அச்சொல் அன்றிரவு முழுதும் எம்மை உறங்கவிடவில்லை. பல்கலைக்கழகத்தில் மூன்று நூல்களை ஒப்புநோக்கி நாம் எழுதிய கட்டுரையில் இல்லாத வரலாறு அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. மறுநாள் வேடங்களை மாற்றினோம். அவன் சங்கர், மேல் லயத்து மாணவனொருவன் சாம்புவன். நாம் பெருங்காரியம் செய்துவிட்டதாகவே எண்ணினோம். அடுத்த நாட் காலை அம்மாணவனின் தாயார் வந்தார். அவர் வாசலில் நிற்கவில்லை. நேரே உள்ளே வந்து அமர்ந்து, தம் மகனுக்குக் காய்ச்சலென்றும் தமிழ்த் தினம் முடியும்வரை அது தணியாதென்றும் கூறிவிட்டுப் போனார். கூத்து அவ்வாண்டு மேடையேறவில்லை. பேச்சுப் போட்டியோடு விழா முடிந்தது.

இவ்வாண்டு மாணவரே அதனை மீண்டும் எடுத்திருக்கின்றனர். வேடங்களையும் அவர்களே வகுத்துள்ளனர். சாம்புவனை ஒருவன் ஆடப்போவதில்லை. காட்சிக்கு ஒருவராக ஆறு பேர் ஆடுகின்றனர். அவர்களில் இருவர் மாணவியர். தலைப்பாகை மட்டும் ஒன்று; ஒரு காட்சி முடிந்ததும் அதனை அவிழ்த்து அடுத்தவர் கட்டிக்கொள்ள வேண்டும். முன்னர் காய்ச்சல் கண்டவன் தாளம் போடுகிறான். வேடம் கட்ட இன்னும் ஒப்பவில்லை. பாட்டனாரின் மரவாளைச் சங்கருக்குத் தருவதாக நாம் சொன்னோம். வாளை வாங்கிக்கொண்டார்கள். கூடவே, வேட்டைக்கு முன்னே சாம்புவன் முரசறையும் நான்காம் காட்சிக்கு ஆள் இல்லையென்றும், தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு அதனை நாமே ஆடவேண்டுமென்றும் கூறியிருக்கின்றனர். ஒத்திகை வெள்ளிக்கிழமை.