பிணைந்த துகள்களைக் கண்டறிந்த கதை

ஒரு சோடிச் செருப்பைப் பிரித்து, ஒன்றை டில்லிக்கும் மற்றொன்றைக் கல்கத்தாவுக்கும் தபாலில் அனுப்புவதாகக் கொள்வோம். டில்லியில் பொட்டலத்தைப் பிரித்தவர் இடக்கால் செருப்பைக் கண்ட மாத்திரத்தில், கல்கத்தாவுக்குச் சென்றது வலக்கால் செருப்பு என அறிந்துகொள்வார். இதில் அதிசயமில்லை, கட்டும்போதே தீர்ந்துபோன விஷயம்.

அணு உலகிலும் இப்படித்தான் இருக்கவேண்டும் என்பது ஐன்ஸ்டைனின் துணிபு. 1935-ஆம் ஆண்டில் அவரும் பொடோல்ஸ்கி, ரோஸன் என்னும் இருவரும், குவாண்டம் சித்தாந்தம் நிறைவற்றது என வாதித்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். அளக்கும் வரையில் துகளுக்கு நிச்சயமான குணமில்லை என்பதல்லவா அச்சித்தாந்தம்! அதே ஆண்டில் ஷ்ரோடிங்கர் இந்த உறவுக்குப் பெயரிட்டார். கைகளைக் குறுக்காகக் கட்டிக்கொள்வதைச் சொல்லும் ஜெர்மன் சொல் அது. மொழிபெயர்ப்பாளனாகிய எனக்குப் ‘பிணைப்பு’ என்பதைவிட நல்ல சொல் அகப்படவில்லை.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இது தத்துவ விவாதமாகவே கிடந்தது. 1964-இல் ஜான் பெல் இதனைக் கணக்காக்கினார். 1969-இல் கிளாஸர் முதலிய நால்வர், கருவியால் அளக்கத்தக்க வடிவம் தந்தனர். விடைகள் முன்னரே தீர்மானமாகியிருந்தால், நான்கு வகை அளவுகளைச் சேர்த்து வரும் எண் 2-ஐத் தாண்டலாகாது. குவாண்டம் விதிப்படி 2.83 வரை செல்லலாம்.

1972-இல் பெர்க்லியில் ஃப்ரீட்மனும் கிளாஸரும் கால்ஷியம் அணுக்கள் உமிழ்ந்த ஒளித்துகள்களைச் சோதித்தனர். குவாண்டம் சித்தாந்தம் தோற்கும் என்றே கிளாஸர் எதிர்பார்த்தார். கருவி அவருக்கு எதிராகவே சாட்சி சொல்லிற்று. அவரும் அதை அப்படியே வெளியிட்டார். 1982-இல் பிரான்சில் அஸ்பே, ஒளித்துகள்கள் வழியிலிருக்கும்போதே அளவையின் திசையை மாற்றிப் பார்த்தார். விடை மாறவில்லை. 2022-இல் இவ்விருவரும் ஸைலிங்கரும் நோபல் பரிசு பெற்றனர். பெல் 1990-இலேயே காலமாகிவிட்டார்.

துகள்கள் பலவானால் தொல்லை பெருகுகிறது. 2005-இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகரில், எட்டுக் கால்ஷியம் அயனிகளின் நிலையை முழுமையாக அறிய 6,561 வித அளவைகள் வேண்டியிருந்தன. பத்து மணி நேரம் பிடித்தது. ஒரு துகள் கூடினால் வேலை மும்மடங்காகும். ஆகவே விஞ்ஞானிகள் ‘சாட்சி’ என்றே பெயர்பெற்ற ஒரு சுருக்கு வழியைக் கையாளுகின்றனர். பிணைப்பில்லாத எந்த நிலைக்கும் சராசரி எதிர்க்குறியில் வராதவாறு அமைக்கப்பட்ட அளவை அது. சில அளவுகளே போதும். எதிர்க்குறி வந்தால் பிணைப்பு உறுதி. வராவிட்டாலோ, பிணைப்பு இல்லை என்று தீர்ப்புக் கூற முடியாது. வேறொரு சாட்சியைத் தேடவேண்டும்.