கூடமும் சம்மட்டியும்

சம்மட்டி என்பது இரு கையாலும் ஓங்கி அடிப்பதற்கான பெரிய சுத்தியல். ஆணி அடிக்கச் சுத்தியல் போதும். பாறையைப் பிளக்கவும் பழுத்த இரும்பைத் தட்டி நீட்டவும் சம்மட்டி வேண்டும். இதன் தலை கனத்த எஃகு. மரப்பிடி ஏறக்குறைய மூன்றடி நீளம் வரும். எடையைப் பவுண்டில் சொல்லும் வழக்கம் இன்னும் உண்டு. 8 பவுண்டு என்றால் சுமார் 3.6 கிலோ, 16 பவுண்டு என்றால் சுமார் 7.25 கிலோ.

சங்க இலக்கியத்தில் இக்கருவியின் பெயர் கூடம். புறநானூற்றின் 170ஆம் பாடலில் புலவர் உறையூர் மருத்துவன் தாமோதரனார், பிட்டங்கொற்றன் என்ற வீரனின் வலிமையைக் கொல்லனின் உலைக்களத்தை வைத்துச் சொல்கிறார். கொல்லன் விசையோடு வீசும் கூடத்தை எதிர்த்து நிற்கும் உலைக்கல்லே அவ்வீரனுக்கு உவமை. இன்றைய தமிழர் பெரும்பாலோருக்குக் கூடம் என்றால் வீட்டின் நடுப்பகுதிதான். மலையாளத்திலோ பெரிய சுத்தியலுக்குக் கூடம் என்ற பெயரே நிலைத்திருக்கிறது.

தமிழில் அந்த இடத்தைப் பிடித்த சொல் சம்மட்டி. தெலுங்கில் இதன் உறவுச்சொல் ‘சம்மெட’, பொருளும் அதுவே. சம்மட்டி என்ற சொல்லுக்குத் தமிழ் அகராதிகள் குதிரைச் சவுக்கு என்ற பொருளையும் தருகின்றன. அந்தப் பொருள் தமிழில் வழக்கொழிந்தது. மலையாளத்தில் அதுவே நிலைத்தது. இரு மொழி விவிலியங்களிலும் இவ்வேறுபாட்டைக் காணலாம். தமிழில் எரேமியா 23:29இல் பாறையை நொறுக்குவது சம்மட்டி. மலையாளத்தில் யோவான் 2:15இல் இயேசு கயிற்றால் செய்யும் சவுக்கின் பெயர் சம்மட்டி.

கொல்லன் பட்டறையில் சம்மட்டி தனியாக வேலை செய்வதில்லை. கொல்லர் இடக்கையில் குறட்டால் பழுத்த இரும்பைப் பிடித்து, வலக்கையில் உள்ள சிறு சுத்தியலால் ஓரிடத்தில் தட்டுவார். எதிரே நிற்பவர் அதே இடத்தில் சம்மட்டியை இறக்குவார். கொல்லர் இரும்பைத் திருப்புவார்; மறுபடி தட்டுவார்; மறுபடி சம்மட்டி விழும். கொல்லர் இரும்பை விட்டுப் பட்டடைக்கல்லில் வெறுமனே தட்டினால், எதிரே நிற்பவர் அடியை நிறுத்த வேண்டும். இடத்தைச் சொல்வது சுத்தியல். பலத்தைத் தருவது சம்மட்டி.

கல்குவாரியில் பாறையின் மேல் வரிசையாகக் குழி வெட்டி, இரும்பு ஆப்புகளைச் செருகி, ஒவ்வொன்றையும் மாறிமாறிச் சம்மட்டியால் அடிப்பார்கள். ஒரே ஆப்பை மட்டும் அடித்தால் கல் கோணலாகப் பிளக்கும். வரிசை முழுதும் சமமாக இறங்கினால் நேர்கோட்டில் பிளக்கும். பழைய சுவரை இடிக்கவும், முளையை நிலத்தில் இறக்கவும், லாரி டயரை ரிம்மிலிருந்து விடுவிக்கவும், பெரிய மரக்கட்டையை ஆப்பு வைத்துப் பிளக்கவும் இதே கருவிதான். பிடி தளர்ந்தால் தலை கழன்று பறக்கும். அதனால் பிடியின் முனையில் சிறு ஆப்பு அடித்து இறுக்குவர். அடிபட்டு அடிபட்டு விளிம்பு பிதுங்கிய தலையிலிருந்து இரும்புச் சில்லு தெறிக்கும். அதை அராவிச் சீராக்க வேண்டும், கண்ணுக்குக் காப்புக் கண்ணாடியும் அணிய வேண்டும்.

ஹைட்ராலிக் பிரேக்கர் வந்த பிறகு குவாரியிலும் கட்டட இடிப்பிலும் சம்மட்டியின் வேலை குறைந்துவிட்டது. சொல் மட்டும் குறையவில்லை. தேர்தல் தோல்வியையும் கடுமையான தீர்ப்பையும் நாளிதழ்கள் ‘சம்மட்டி அடி’ என்றே எழுதுகின்றன. அங்கே யாரும் ‘சுத்தியல் அடி’ என்று எழுதுவதில்லை. பட்டறை வகுத்த வேறுபாட்டை மொழி இன்னும் சரியாகக் காத்து வருகிறது.