2020: நாம் வீட்டுக்குள் வாழப் பழகிய காலம்



அண்மையில் தரம் 6 வகுப்பில் கொவிட் காலத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. “உங்களுக்கு என்ன ஞாபகம் இருக்கிறது?” என்று கேட்டோம். ஒரு பிள்ளை சொன்னான்: “வாப்பா முழு நாளும் வீட்டில இருந்தாங்க சேர்.” வேறொன்றும் அவனுக்கு ஞாபகம் இல்லை. அந்த ஒரு வரிக்குள் நமது ஊரின் எழுதப்படாத வரலாறு இருப்பதாகப் பட்டது. அதனால்தான் இந்தப் பதிவு.

ஊரடங்கு நமக்குப் புதிதல்ல. 1990க்குப் பின்னரான இரவுகளில் அயலிலுள்ள நாலைந்து குடும்பங்கள் ஒரே கல்வீட்டில் கூடிப் படுத்த கதையை நமது உம்மாமார் இன்றும் சொல்வார்கள். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது பள்ளிவாசலும் பாடசாலையும்தான் நமக்கு வீடு. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு வந்த நோன்பையும் அச்சத்தோடும் தேடுதல்களோடும்தான் கழித்தோம். ஆபத்து வந்தால் ஆளோடு ஆள் நெருங்கி நிற்பதுதான் நமக்குத் தெரிந்த பாதுகாப்பு.

2020 அதைத் தலைகீழாக்கியது. மார்ச் மாதத்தில் இலங்கையர் ஒருவருக்கு உள்நாட்டில் முதன்முதலாகத் தொற்று உறுதியானது. 13ஆம் திகதி பாடசாலைகள் மூடப்பட்டன. 20ஆம் திகதி வெள்ளிக்கிழமை மாலை நாடு முழுவதும் ஊரடங்கு. ஜும்ஆ நின்றது. ஐவேளை ஜமாஅத் நின்றது. பாங்கு மட்டும் ஒலித்தது.

ஹிஜ்ரி 18இல் ஷாமில் பரவிய அம்வாஸ் கொள்ளைநோயைப் பற்றி அப்போது நிறையக் கேட்டோம். கலீஃபா உமர் (ரழி) அவர்கள் ஸர்க் என்ற இடம்வரை வந்து திரும்பியதையும், நோயுள்ள ஊருக்குள் போகவும் வேண்டாம், அங்கிருந்து வெளியேறவும் வேண்டாம் என்ற நபிமொழியையும் எல்லோரும் பகிர்ந்தோம். ஊரைவிட்டு வெளியேறாமல் இருப்பதற்கு நமக்கு வழிகாட்டல் இருந்தது. வீட்டைவிட்டு வெளியேறாமல் இருப்பதற்குத்தான் பழக்கம் இருக்கவில்லை. குறிப்பாக ஆண்களுக்கு.

இதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. கிழக்கில் வீடு பெண்ணுக்குரியது. உம்மா வாப்பா மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை அங்கே வந்து குடியேறுவார். தலைமுறைகளாக ஆண்களின் பகல் வெளியில்தான் கழிந்தது: கடை, வயல், கடற்கரை, பள்ளி, தேத்தண்ணிக் கடை, சந்தி. சாப்பிடவும் தூங்கவும் வீடு. கொழும்பிலும் தென்பகுதியிலும் வியாபாரம் செய்தவர்கள் மாதத்தில் சில நாட்களே வீட்டில் தங்கினார்கள். ஊரடங்கு வந்தபோதுதான், வருடக்கணக்காக வாழ்ந்த வீட்டில் பகல் பன்னிரண்டு மணிக்கு எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றோம்.

முதல் இரண்டு வாரமும் சச்சரவுதான். “சீனி எங்க வெச்சிரிக்கி?” என்று மணிக்கொரு தடவை கேட்கும் ஆணால் அடுப்படியில் இருந்தவருக்கு ஓய்வு இல்லை. நாட்சம்பளக்காரரின் வீட்டில் சச்சரவுக்குக் காரணமே வேறு. அரசாங்கம் கொடுத்த 5,000 ரூபாய் எத்தனை நாளைக்கு? கை வெறுமையாகும்போது கோபம் மனைவி மீதும் பிள்ளைகள் மீதும் இறங்கிய வீடுகளும் நம்மிடையே இருந்தன. அதை மறைத்துவிட்டு எழுதினால் அது வரலாறாகாது.

ஏப்ரல் இறுதியில் நோன்பு வந்தது. பள்ளியில் காய்ச்சும் கஞ்சிக்குப் பாத்திரத்தோடு ஓடும் பிள்ளைகள் அந்த வருடம் ஓடவில்லை. தராவீஹ் வீட்டு மண்டபத்துக்கு வந்தது. ஹாஃபிழ் பிள்ளை இருந்த வீட்டில் அவனே இமாம்; மற்ற வீடுகளில் வாப்பா தனக்குத் தெரிந்த சிறிய சூறாக்களை ஓதினார். பின் வரிசையில் மனைவி, மகள், மூத்தம்மா. ஒரு குடும்பம் முழுவதுமாக ஒரே ஜமாஅத்தில் சேர்ந்தது பல வீடுகளில் அதுதான் முதல் தடவை. ஆனால் கஞ்சியும், ஸஹரும், இப்தாரும், கழுவலும் பெரும்பாலும் பெண்களின் கையிலேயே இருந்தன. ஆண்கள் வீட்டில் இருந்தார்கள் என்பதற்காக வேலை பாதியாகிவிடவில்லை.

ஆசிரியர்களான நாமும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். செயலட்டைகளை வட்ஸ்அப்பில் அனுப்பினோம். வீட்டுக்கு ஒரு போன், மூன்று பிள்ளைகள். முதலில் ஆண் பிள்ளைக்கு. உயர்தரம் படிக்கும் மகளுக்கு எல்லோரும் தூங்கிய பிறகுதான். நாம் பெயருக்கு நேரே “அனுப்பவில்லை” என்று குறித்தோம். ஏன் என்று கேட்கப் பிந்திவிட்டோம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் ஜனாஸா. கொவிட்டால் மௌத்தானவர்களை எரிப்பதை 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி கட்டாயமாக்கியது. அதன்பிறகு காய்ச்சல் வந்த மூத்தோரை வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவே நமது வீடுகள் அஞ்சின. பாதுகாப்பாக இருந்த வீடு, நோயை ஒளிக்கும் வீடாகவும் மாறியது. 2021 பெப்ரவரி இறுதியில்தான் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது. மார்ச்சில் ஓட்டமாவடி மஜ்மா நகரில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. மன்னிப்பு பதிவாகிவிட்டது. அந்தப் பதினொரு மாதங்கள் உம்மாவின் ஒவ்வொரு இருமலுக்கும் நாம் திடுக்கிட்டது எங்கும் பதிவாகவில்லை.

இன்று சந்தி பழையபடி நிறைந்திருக்கிறது. வீட்டு மண்டபத்தில் ஜமாஅத் இல்லை. பழகியதை இவ்வளவு சீக்கிரம் மறந்துவிட்டோமா?

அன்பின் உறவுகளே, இரண்டு வேண்டுகோள். இந்த வாரம் உங்கள் உம்மாவிடமோ மனைவியிடமோ உட்கார்ந்து அந்த நாட்களைப் பற்றிக் கேளுங்கள். கேட்டதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பிறகு எழும்பி, தேத்தண்ணியை நீங்களே ஊற்றுங்கள். சீனி எங்கே இருக்கிறது என்பது இப்போதாவது தெரிந்திருக்க வேண்டும்.

அந்தப் பிள்ளை வளர்ந்த பிறகும், “வாப்பா வீட்டில இருந்தாங்க” என்பதை ஒரு நோய்க்கால ஞாபகமாக மட்டும் சொல்லும் நிலை வரக்கூடாது.