தீக்குள் வந்து படு!

தீ துரத்திக்கொண்டு வருகிறது. செங்குத்தான மலைச்சரிவில் மூச்சிரைக்க ஓடுகிறீர்கள். முன்னால் ஓடிய உங்கள் தலைவர் சட்டென்று நிற்கிறார். தீக்குச்சியைக் கிழிக்கிறார். தன் எதிரே இருக்கும் காய்ந்த புல்லில் வைக்கிறார். அது குபீரென்று பற்றிக்கொள்ள, அதற்குள் வந்து படுக்கச் சொல்லி உங்களைக் கூப்பிடுகிறார்.

என்ன செய்வீர்கள்? மனுஷனுக்கு மண்டை கலங்கிவிட்டது என்று முடிவுகட்டி, அவரைத் தாண்டி ஓடுவீர்கள். நானும் அதைத்தான் செய்வேன். 1949 ஆகஸ்ட் 5-ம் தேதி மாலை, அமெரிக்காவின் மாண்டனா மாகாணத்தில் அந்தப் பையன்களும் அதைத்தான் செய்தார்கள். பதிமூன்று பேர் செத்துப்போனார்கள். தீ வைத்த தலைவர் பிழைத்துக்கொண்டார்.

சரி, கதைக்கு வருவோம். ஸ்மோக் ஜம்ப்பர்ஸ் என்று ஒரு படை. சாலையே இல்லாத மலைக்காடுகளில் தீப்பிடித்தால், விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்துப்போய் அணைக்கிறவர்கள். அமெரிக்க வனத்துறை 1940-ல் ஆரம்பித்தது. முதல் ஒன்பது வருடத்தில் ஒருவரைக்கூட தீ தொட்டதில்லை. படையில் கல்லூரி மாணவர்கள், உலகப்போரில் இருந்து திரும்பியவர்கள் என்று துடிப்பான இளைஞர்கள். கொஞ்சம் தெனாவட்டு இருக்காதா? இருந்தது.

அன்றைக்கு மிஸௌரி நதியை ஒட்டிய மான் கல்ச் என்ற பள்ளத்தாக்கில் தீ. மேலிருந்து பார்த்தபோது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்குள் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்கள். விமானத்தில் வந்த பதினாறு பேரில் ஒருவருக்கு வாந்தி, மயக்கம். குதிக்காமலே திரும்பிவிட்டார். மற்ற பதினைந்து பேரும் குதித்தார்கள். வயர்லெஸ் பெட்டியின் பாராசூட் மட்டும் விரியவில்லை. பெட்டி சுக்குநூறு. ஏற்கெனவே தனியாளாகத் தீயோடு போராடிக்கொண்டிருந்த காவலர் ஒருவரும் இவர்களோடு சேர்ந்துகொண்டார். ஆபத்தான வேலை என்று விமானத்திலிருந்து குதிப்பதை விட்டுவிட்டு, காவலர் வேலைக்கு வந்தவர் அவர். விதி!

தலைவர் பெயர் வாக்னர் டாட்ஜ். வயது 33. அனுபவசாலி. ஆனால், அதிகம் பேசமாட்டார். படைக்கு ஒவ்வொரு வருடமும் நடக்கும் பயிற்சியில் அந்த வருடம் அவர் பையன்களோடு இல்லை, முகாம் பராமரிப்பு வேலையில் இருந்தார். பாதிப்பேருக்கு அவரை முகம் தெரியும், அவ்வளவுதான். இந்தத் தகவலை மட்டும் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நதிப்பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தபோது, மாலை 5:45 வாக்கில், டாட்ஜ் அதைப் பார்த்தார். எதிர்ச்சரிவில் இருந்த தீ பள்ளத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து, நதிக்குப் போகும் வழியை அடைத்துவிட்டது. அனைவரையும் திருப்பி மலைமேல் ஓடச் சொன்னார். சில நிமிடங்களில் அடுத்த உத்தரவு: கருவிகளைத் தூக்கிப் போடுங்கள்!

எளிமையான உத்தரவுதானே? இல்லை. தீயணைக்கிறவன் கையில் கோடரி இருக்கிறவரைதான் அவன் தீயணைக்கிறவன். கீழே போட்டால் வெறும் ஓடுகிறவன். உயிர் பிழைத்தவர்களில் ஒருவரான வால்டர் ரம்ஸி, கூட ஓடியவரின் மண்வெட்டியை வாங்கி, அதை ஒரு பைன் மரத்தில் சாய்த்துவைத்துவிட்டு ஓடியிருக்கிறார். பின்னால் தீ! சர்க்கார் சாமானை வீசியெறிய அந்தக் கைக்கு மனசு வரவில்லை.

அப்போதுதான் டாட்ஜ் நின்று தீக்குச்சியைக் கிழித்தார். அவர் கணக்கு சுலபம். தீக்குத் தீனி வேண்டும். புல்லை நாமே எரித்துவிட்டால், எரிந்த இடத்தில் அதற்குச் சாப்பிட ஒன்றுமில்லை, சுற்றிக்கொண்டு போய்விடும். வனத்துறைப் பயிற்சியில் யாரும் சொல்லித்தராத வித்தை அது. அந்த நிமிடத்தில் அவருக்கே தோன்றியது. கத்தினார், கையசைத்தார். ஒருவர்கூட வரவில்லை. ஈரக் கைக்குட்டையை முகத்தில் அழுத்திக்கொண்டு தனியாகச் சாம்பலில் குப்புறப் படுத்தார். பிழைத்தார். ரம்ஸியும் பதினேழு வயது ராபர்ட் ஸாலியும் மலை உச்சிப் பாறையில் ஒரு பிளவைக் கண்டுபிடித்து மறுபக்கம் தப்பித்தார்கள். இறந்துபோன காவலரின் கைக்கடிகார முள் 5:56-ல் உருகி நின்றிருந்தது.

நான் பி.காம். படித்தவன். கணக்குப் புத்தகத்தில் 'குட்வில்' என்று ஒன்று வரும். கண்ணால் பார்க்கமுடியாத சொத்து. வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிறது. டாட்ஜ் அதில் எதையும் போட்டுவைக்கவில்லை. 5:55-க்கு ஒரு பெரிய செக் எழுதி நீட்டினார். திரும்பி வந்துவிட்டது. உத்தரவு சரி. அதை நம்புவதற்கு முன்கூட்டியே சேர்ந்திருக்கவேண்டிய ஒன்று அங்கே இல்லை. அதற்கு டாட்ஜை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனசில்லை. முகம் தெரியாதவர்களை ஒரு விமானத்தில் ஏற்றி, ஒரே அணி என்று பெயர் வைத்து அனுப்பியது இலாகாதானே?

இறந்தவர்களில் ஒருவரின் அப்பா அப்படி நினைக்கவில்லை. டாட்ஜ் வைத்த தீதான் மகனைக் கொன்றது என்று கடைசிவரை போராடினார். விசாரணைக் குழு அதை ஏற்கவில்லை. டாட்ஜ் 1955-ல் புற்றுநோயில் இறந்தார். நார்மன் மெக்லீன் என்ற பேராசிரியர் தன் முதுமைக்காலம் முழுக்க இந்த ஒரு மாலையைத் துருவித் துருவி எழுதிய புத்தகம், அவர் இறந்தபிறகு 1992-ல் வெளிவந்தது. மறுவருடம் நிர்வாகவியல் அறிஞர் கார்ல் வைக், இந்த அணி ஏன் சிதறியது என்று ஒரு கட்டுரை எழுதினார். மேனேஜ்மென்ட் படிக்கும் பையன்கள் இன்றைக்கும் அதைப் படிக்கிறார்கள்.

காட்டுத்தீ வீரர்களுக்கான பத்துக் கட்டளைகள் 1957-ல் வந்தன. கட்டளை போட்டால் போதுமா? 1994 ஜூலையில் கொலராடோவில் ஒரு மலைச்சரிவு, அதேபோல் காற்று, மேல்நோக்கி ஓட்டம். பதினான்கு பேர் இறந்தார்கள். சிலர் கடைசிவரை மூட்டைகளையும் கருவிகளையும் கீழே போடவே இல்லை. அதற்குப் பிறகுதான் இலாகா கோடரி, பம்ப்பைத் தாண்டி மனிதர்கள் பக்கம் திரும்பியது. தலைமைப் பண்புக்கு என்று தனிப் பயிற்சி வந்தது. சந்தேகம் இருந்தால் கீழே இருப்பவன் வாய்திறந்து கேட்கலாம், கேட்கவேண்டும் என்று சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்கள்.

அந்தப் பயிற்சிக்காக மான் கல்ச்சுக்கே ஆட்களை அழைத்துப்போய் மலையேற வைப்பதும் உண்டு. சரிவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பதிமூன்று நினைவுச் சின்னங்கள். பன்னிரண்டு சிலுவைகள். இறந்தவர்களில் ஒருவர் யூதர் என்பதால், அவருக்கு வைத்திருந்த சிலுவையை எடுத்துவிட்டு தாவீதின் நட்சத்திரம் பொறித்த கல்லை நட்டார்கள். அது நடந்தது 2001-ல். ஐம்பத்திரண்டு வருடம் கழித்து!