கூண்டுக்குள்ளே சண்டை, வெளியே யார் காசு? எம்எம்ஏ-வின் அடுத்த சுற்று

ஞாயிறு காலை. தட்டில் பரோட்டா, மேசையில் கைத்தொலைபேசி, திரையில் எண்கோணக் கூண்டு. சிங்கப்பூரில் எம்எம்ஏ ரசிகர்கள் பலருக்கும் இது பழகிப்போன காட்சி. அமெரிக்காவில் சனிக்கிழமை இரவு என்றால் நமக்கு ஞாயிறு காலை.

2022 ஜூன் மாதம் யுஎஃப்சி 275 நம்ம ஊரிலேயே நடந்துச்சு. இடம், காலாங்கில் உள்ள உள்ளரங்கு விளையாட்டரங்கம். அப்போதும் முக்கியச் சண்டைகள் ஞாயிறு காலையில்தான். ஏன்? காசு கொடுத்துப் பார்க்கும் பெரும்பாலான ரசிகர்கள் அமெரிக்காவில் இருக்காங்க. இடம் நம்முடையது, கடிகாரம் அவர்களுடையது.

அந்தக் கடிகாரம் இப்போது மாறத் தொடங்கியிருக்கிறது.

எம்எம்ஏ என்றால் என்ன?

கலப்புத் தற்காப்புக் கலை. குத்துச்சண்டை, முவே தாய், மல்யுத்தம், ஜியூ-ஜிட்சு எல்லாம் ஒரே மேடையில். பொதுவாக 5 நிமிடம் கொண்ட 3 சுற்றுகள். பட்டத்துக்கான சண்டை என்றால் 5 சுற்றுகள். எதிராளியை வீழ்த்தலாம், பிடிபோட்டுச் சரணடைய வைக்கலாம். இல்லையென்றால் நடுவர்கள் புள்ளி கொடுத்து முடிவு சொல்வாங்க.

யுஎஃப்சி 1993இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் தொடங்கியபோது விதிமுறைகள் மிகக் குறைவு. அரசியல்வாதிகள் எதிர்த்தாங்க, பல மாநிலங்கள் தடை போட்டன. எடைப்பிரிவு, கையுறை, தடைசெய்யப்பட்ட அடிகள் என்று பொது விதிகள் வந்த பிறகே பலரும் அதை விளையாட்டாக ஏற்றுக்கொண்டனர். 2001இல் சுமார் 2 மில்லியன் அமெரிக்க டாலருக்குக் கைமாறிய நிறுவனம், 2016இல் சுமார் 4 பில்லியனுக்கு விற்கப்பட்டது.

காசு எங்கிருந்து வருது?

இவ்வளவு காலமும் "பார்க்க வேண்டுமா, தனியாகக் கட்டு" என்ற முறைதான். அமெரிக்க ரசிகர் ஒரு பெரிய நிகழ்ச்சியைப் பார்க்க, மாதச் சந்தாவுக்கு மேல் ஏறக்குறைய 80 டாலர் கட்ட வேண்டியிருந்தது. 2018இல் கபீப், மெக்கிரகர் மோதலை 2 மில்லியனுக்கும் அதிகமானோர் அப்படி வாங்கியதாகச் சொல்லப்பட்டது.

2026 முதல் அமெரிக்காவில் அந்த முறை இல்லை. பாரமவுண்ட் நிறுவனம் 7 ஆண்டுகளுக்கு 7.7 பில்லியன் டாலர் கொடுத்து ஒளிபரப்பு உரிமையை வாங்கியுள்ளது. சந்தாதாரர்கள் கூடுதல் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

ரசிகர்களுக்கு நல்ல செய்திதானே? ஆமாம், ஆனால் ஒரு கேள்வியும் இருக்கு. முன்பு சண்டை சூடாக இருந்தால்தான் வசூல். இப்போது தொகை முன்கூட்டியே உறுதி. பிறகு பெரிய நட்சத்திரங்களை மோதவிட நிறுவனத்துக்கு அவசரம் இருக்குமா?

ஒரே ஒளிபரப்பாளரை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானின் பிரைட் அமைப்பு ஓர் எடுத்துக்காட்டு. ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரிய எம்எம்ஏ மேடைகளில் அதுவும் ஒன்று. 2006இல் ஃபுஜி தொலைக்காட்சி விலகியது. மறு ஆண்டே யுஎஃப்சி-யின் உரிமையாளர்கள் பிரைடை வாங்கிவிட்டாங்க. மேடையும் மூடப்பட்டது.

நம்ம வட்டாரத்தில்?

சிங்கப்பூரைத் தளமாகக் கொண்ட ஒன் சாம்பியன்ஷிப், 2011இல் இதே உள்ளரங்கில் முதல் நிகழ்ச்சியை நடத்தியது. சிங்கப்பூரைப் பிரதிநிதித்த ஏஞ்சலா லீ, 2016இல் 19 வயதில் பட்டம் வென்றார். மலேசியாவின் அகிலன் தாணி 2017இல் இங்கே பட்டத்துக்காக பென் ஆஸ்க்ரனுடன் மோதினார். தோல்விதான், ஆனால் நம்ம பெயர் கொண்ட ஒருவர் உலகப் பட்டத்துக்கான மேடையில் நின்றதைப் பலர் மறக்கவில்லை.

2023 முதல் ஒன் சாம்பியன்ஷிப், பேங்காக்கின் லும்பினி அரங்கில் வாராந்திர வெள்ளிக்கிழமை நிகழ்ச்சிகளை நடத்தி வருகிறது. முவே தாய்தான் அதன் உயிர். ஆசியாவில் எம்எம்ஏ தனியாக வளருமா, உள்ளூர்க் கலைகளோடு சேர்ந்து வளருமா என்பதற்கு அது ஒரு குறிப்பு.

அடி வாங்குபவருக்கு என்ன?

இதுதான் பெரிய கேள்வி. அமெரிக்காவில் முன்னாள் வீரர்கள் தொடுத்த வழக்கு 10 ஆண்டுகள் இழுத்தது. தங்கள் சம்பளத்தை யுஎஃப்சி செயற்கையாகக் குறைத்து வைத்தது என்பது அவர்களின் புகார். 375 மில்லியன் டாலர் சமரசத் தொகைக்கு 2025இல் நீதிமன்றம் ஒப்புதல் தந்தது. கூடைப்பந்தின் என்பிஏ-வில் வருமானத்தில் ஏறக்குறைய பாதி ஆட்டக்காரர்களுக்குப் போகிறது. அங்கே தொழிற்சங்கம் இருக்கிறது. யுஎஃப்சி வீரர்களுக்கு அது இல்லை.

உடல்நலமும் கவலைதான். 2015இல் சீன வீரர் யாங் ஜியன்பிங், மணிலாவில் சண்டைக்காக எடை குறைத்தபோது உயிரிழந்தார். வயது 21. அதன் பிறகு ஒன் சாம்பியன்ஷிப் உடலின் நீர்ச்சத்தைச் சோதிக்கும் முறையைக் கொண்டுவந்தது. தலையில் மீண்டும் மீண்டும் விழும் அடிகளுக்கு அப்படி ஒரு எளிய தீர்வு கிடையாது.

அடுத்து என்ன?

2026 ஆசிய விளையாட்டுப் போட்டியில் எம்எம்ஏ பதக்க விளையாட்டாகச் சேர்க்கப்பட்டுள்ளது. ஒரு நிறுவனத்துக்காக அல்ல, நாட்டுக்காகக் கூண்டில் இறங்கலாம். கொடியைப் பார்த்துக் கைதட்டப் புதிய ரசிகர்கள் வரலாம். பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோரும் யோசிக்கலாம்.

பார்ப்பது சுலபமாகிறது. சண்டையிடுபவரின் பிழைப்பும் பாதுகாப்பும் அதே வேகத்தில் முன்னேறுமா? கூட்டம் நிலைக்குமா என்பது அதையும் பொறுத்தது. அடுத்த ஞாயிறு திரையைத் தட்டும்போது, அதையும் கொஞ்சம் கவனிங்க.